பூஜைக்கு முந்திய லாகின்

செப்டம்பர் 2, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு. "கோபம் வந்தா ஆள் மேல காட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதிருங்க" என்றார். ஒரு நோட்டு போதுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்றை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரையின் பெயர் இருக்கிறது. அடுத்த மாதம் இதை வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பார். அதனால் அவருக்கும் புரிகிற மாதிரியே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். வயது நாற்பத்து நான்கு. திருநெல்வேலி ஜங்ஷனில் கண்மணி ஆல்பம் லேபில் சிஸ்டம் பார்க்கிற ஆள். கல்யாண போட்டோக்களை ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் ஆல்பமாக டிசைன் பண்ணி, பிரிண்ட் போட்டு, அட்டை கட்டிக் கொடுப்போம். எட்டு கம்ப்யூட்டர். பின் அறையில் ஒரு சர்வர். எல்லாப் போட்டோவும் எல்லா ஆல்பமும் அந்த சர்வரில்தான் இருக்கும். யார் லாகின் பண்ணினாலும் அந்தப் பொது ஃபோல்டர் தானாக வந்து அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு டபிள்யூ என்று பெயர் வைத்திருக்கிறேன். கையால் மாட்டச் சொன்னால் இவர்கள் மாட்டமாட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தினமும் சாயங்காலம் முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி தன் கையால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்து போனது. அந்த பயம். காலையில் சரியாக ஒன்பது மணிக்கு மெயினை ஏற்றுவார். எட்டு கம்ப்யூட்டரும் சர்வரும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். உடனே முன் அறையில் பூஜை. சூடம், சாம்பிராணி, கடைசியில் ஆளுக்கு ஒரு கை பொரிகடலை. பதினைந்து நிமிஷம் ஆகும். எல்லாரும் நிற்க வேண்டும்.

பியூலா மட்டும் நிற்கமாட்டாள். அவள் போகிற சபையில் அது கூடாது. வேலைக்குச் சேர்க்கும்போதே அண்ணாச்சி, "உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு பிள்ள" என்று சொல்லிவிட்டார். அவளும் பார்க்கிறாள். ஒன்பது இரண்டுக்கு நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் லாகின் பண்ணிவிடுவாள். சாயங்காலம் ஐந்துக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகணும், அதனால் காலையில் ஒரு நிமிஷம் வீணாக்கமாட்டாள்.

சர்வர் என்ன செய்யும்? தினம் ராத்திரி கரண்டைப் பிடுங்கினால் தினம் காலையில் அது தன் டிஸ்க்கை எல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். எட்டு நிமிஷம். ஆக ஒன்பது இரண்டுக்கு லாகின் பண்ணுகிறவளுக்கு டபிள்யூ வராது. சிவப்புப் பெருக்கல் குறி போட்டு நிற்கும். மற்றவர்கள் பொரிகடலை தின்றுவிட்டு வந்து லாகின் பண்ணுவார்கள். அவர்களுக்கு ஜம்மென்று வரும்.

இன்றைக்கும் தீபாராதனை நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். "ஆவுடை அண்ணே, டபிள்யூ வரல."

அண்ணாச்சி கையில் தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை ஏன்யா பார்க்கிறீர்? நானா மெயினை இறக்கினேன்?

செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணாச்சியிடம் பேசினேன். "சர்வரை மட்டும் அணைக்காம விடுங்க அண்ணாச்சி. ராத்திரி ஓடுனா ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு ஜெராக்ஸ் கடைக்காரனும்தான்வே சொன்னான்" என்றார். பேச்சு முடிந்தது.

பியூலாவிடம், "பத்து நிமிஷம் கழிச்சு லாகின் பண்ணேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன். "பத்து நிமிஷத்துல ரெண்டு ஷீட்டுக்கு லேஅவுட் போட்ருவேன் அண்ணே. களக்காடு கல்யாணம் அறுபது ஷீட்டு. பொண்ணு இருபத்தொண்ணாந் தேதி மஸ்கட் போகுதாம். அதுக்குள்ள கொடுக்கணும்லா?" என்றாள். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

செப்டம்பர் 4, புதன்

இன்றைக்கும் சூடம் எரியும்போது வந்து நின்றாள். அண்ணாச்சி, "அந்தப் பிள்ள வாயை அடைக்க உமக்கு ஒரு வழி தெரியாதாவே? சிஸ்டம் ஆளுன்னு எதுக்கு இருக்கீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கொம்பையா வேறு சிரித்தான். பிரிண்ட் மிஷின் பார்க்கிறவன், பதினைந்து வருஷமாக இங்கே இருக்கிறான், அந்தத் திமிர்.

வழி தெரியாதா எனக்கு? மத்தியானம் உட்கார்ந்து ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். நாலாம் நம்பரில் லாகின் ஆகும்போது தானாக ஓடுகிற பேட்ச் ஃபைலில், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற கட்டளைகளில், நாலு வரி கூடச் சேர்த்தேன். சர்வர் எழுந்திருந்தால் அதை டபிள்யூ என்று மாட்டு. எழுந்திருக்கவில்லையா, அவள் கம்ப்யூட்டரிலேயே டி டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டரை டபிள்யூ என்ற பெயரில் மாட்டிவிடு. அந்த ஃபோல்டரில் களக்காடு போட்டோக்களையும் அவள் இதுவரை செய்ததையும் நகல் எடுத்துப் போட்டு வைத்தேன். மற்ற கல்யாணங்களுக்குப் பெயருக்கு வெறும் ஃபோல்டர். பார்க்க அச்சு அசல் சர்வர் மாதிரியே இருக்கும். அவள் அதில் செய்கிற வேலையைச் சாயங்காலம் நானே சர்வருக்கு மாற்றிவிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

செப்டம்பர் 5, வியாழன்

யாரும் கத்தவில்லை. பூஜை நிம்மதியாக முடிந்தது. "டபிள்யூ வந்துட்டு அண்ணே! என்ன பண்ணுனிய?" என்று பியூலா கேட்டாள். "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். சாயங்காலம் அவள் செய்ததை சர்வருக்கு மாற்றினேன். பதினொன்று ஷீட் முடித்திருக்கிறாள். வேகக்காரி.

செப்டம்பர் 6, வெள்ளி

மாற்றப் போகும்போது அண்ணாச்சி மெயினை இறக்கிவிட்டார். மனுஷன் ஒரு வார்த்தை கேட்பாரா? இருட்டில் தட்டுத் தடுமாறி வெளியே வந்தேன், முழங்காலில் மேஜை இடித்தது. போகட்டும், அடுத்த வாரம் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. செண்பகம் கொழுக்கட்டை அவித்தாள். அவளிடம் என் ஏற்பாட்டைச் சொன்னேன். வீட்டுக்காரிக்காவது நம் மூளை தெரியட்டுமே. "அப்ப அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். "தெரிஞ்சு என்ன செய்யப் போகுது?" என்றேன். அவள் இன்னொரு கொழுக்கட்டை வைத்தாள்.

கொழுக்கட்டையில் உப்பு இல்லை. பிரஷருக்காம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்? எல்லாம் அணைந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. கரண்ட் வந்து அரை மணி கழித்து எல்லாரும் கை கழுவிக்கொண்டு வந்து லாகின் பண்ணினார்கள்.

நான் மேஜைக்கு அடியில் வாயில் வயரைக் கடித்துக்கொண்டு கிடக்கும்போது பியூலா வந்து குனிந்தாள். "அண்ணே, காலையில இருபத்தாறு ஷீட்டு இருந்துச்சு. இப்போ பார்த்தா பதினொண்ணுதான் இருக்கு."

"சேவ் பண்ணிருக்கமாட்ட" என்றேன்.

"பண்ணுனேன் அண்ணே. ஒவ்வொரு ஷீட்டுக்கும் பண்ணுவேன்."

என்னமோ ஒன்று மனதில் தோன்றியது. அதற்குள் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. "ஆளை விடு தாயே, காலையில பார்ப்போம்" என்றேன். அவள் சாயங்காலம் வரைக்கும் போட்டோக்களுக்குக் கலர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் பியூலா, "அண்ணே, எல்லாம் இருக்கு! இருபத்தாறும் இருக்கு" என்றாள்.

"இருக்குல்லா? பிறகு என்ன?" என்றேன். நேற்று எனக்கு ஏற்றிவிட்ட பிரஷருக்கு யார் பொறுப்பு? ஒன்றும் ஆகாததற்கு ஊரைக் கூட்டுகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

மௌஸ் இரண்டு மாற்றினேன். கீபோர்டில் பொரிகடலை. யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை.

பியூலா ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, "அறுபதும் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. டபிள்யூல இருக்கு. நாளைக்கு எங்க சபையில கன்வென்ஷன், நான் லீவு. கொம்பையா அண்ணன் எடுத்து பிரிண்ட் போட்டுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "ஒத்தை ஆளா அறுபது ஷீட்டு! பிள்ளைன்னா இது பிள்ள" என்றார். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 14, சனி

இப்படி ஒரு நாள் என் விரோதிக்கும் வரக்கூடாது.

காலையில் கொம்பையா பிரிண்ட் போட டபிள்யூவைத் திறந்தான். களக்காடு ஃபோல்டரில் பதினொன்று ஷீட். அறுபது இல்லை. பதினொன்று. அவன் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி அறையிலிருந்து ஓடி வந்தார். பியூலாவுக்குப் போன் போட்டார்கள். கன்வென்ஷனில் போனை அணைத்து வைத்திருக்கிறாள். இதற்கு நடுவில் களக்காட்டிலிருந்து பொண்ணுடைய அப்பா போன் பண்ணி, "பிரிண்டுக்குப் போய்ட்டா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். அண்ணாச்சி "ஓடிட்டு இருக்கு, ஓடிட்டு இருக்கு" என்கிறார். முகம் அப்படியே சிவந்து போயிருந்தது.

அப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. பாளையங்கோட்டையில் புதிதாக ஒரு லேப் வந்திருக்கிறது. அதில் பியூலாவின் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார். "ஒண்ணு, வேலையே செய்யாம செஞ்சேன்னு சொல்லிருக்கா. இல்லைன்னா செஞ்சதை எடுத்துட்டு அங்கன போகப் போறா" என்றார் அண்ணாச்சி. நேற்று பிள்ளை என்றால் இது பிள்ளை என்று சொன்ன அதே வாய்.

என்னிடம் கேட்டார். "சர்வர்ல இருந்து அழிஞ்சிருக்குமாவே?"

"என் சர்வர்ல எதுவும் அழியாது அண்ணாச்சி" என்றேன். சர்வர் முழுக்கத் தேடிவிட்டேன். அங்கே அழிந்த தடயமே இல்லை. அதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பியூலாவை வந்ததும் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. பூஜை முடிகிற வரைக்கும் அங்கே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் விபூதி பூசிக்கொண்டு உள்ளே போனோம்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் பயப்படவே இல்லை. "என் சிஸ்டத்துல இருக்கு அண்ணாச்சி, வாங்க காட்டுதேன்" என்று எழுந்து வந்தாள். மணி ஒன்பது நாற்பது. நாலாம் நம்பரில் உட்கார்ந்து லாகின் பண்ணினாள். டபிள்யூவைத் திறந்தாள். களக்காடு. பதினொன்று.

மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். மூடிவிட்டுத் திறந்தாள். "இருந்துச்சு அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மூடும்போது இருந்துச்சு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்குக் கரண்ட் போனப்பவும் இப்படித்தான் காணாமப் போய்ட்டு, மறுநா தானா வந்துச்சுல்லா? நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர்ல போனது தானா வராது" என்றேன். வராதுதான். எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணாச்சி பூஜைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். ஒரு கட்டி சூடத்தை ஏற்றி அவள் முன்னால் வைத்தார். "நான் உன்னை ஒண்ணும் கேக்கல பிள்ள. அறுபதும் முடிச்சேன்னு இந்தச் சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிரு. நான் நம்பிட்டுப் போயிடுதேன்."

"எங்க சபையில சத்தியம் பண்ணக்கூடாது அண்ணாச்சி."

"இது என் சாமின்னுதான யோசிக்க? சரி, உன் சாமி பேர்ல பண்ணு."

"எந்தச் சாமி பேர்லயும் பண்ணக்கூடாது. எங்க பாஸ்டரே வந்து கேட்டாலும் பண்ணமாட்டேன். நான் முடிச்சேன். அம்புட்டுதான்."

"பாத்தீராவே?" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை எதற்குப் பார்க்கிறார்? சூடம் எரிந்து தானாக அணைந்தது. பியூலா சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். கொம்பையாவிடம் "வாரேன் அண்ணே" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

களக்காடு ஆல்பத்தை முதலிலிருந்து செய்ய மற்ற மூன்று பேரை உட்கார வைத்திருக்கிறார் அண்ணாச்சி. வேலை நரகமாக ஓடுகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாத்திரை இரண்டு போட்டேன். நாலாம் நம்பரில் யாரும் உட்காரவில்லை. அதன் டி டிரைவைத் திறந்து பார்க்கலாம்தான். வேலை நிறைய.

செப்டம்பர் 18, புதன்

சாப்பிடும்போது செண்பகம் கேட்டாள். "அந்த பியூலாப் பிள்ள விஷயம் என்னாச்சு?"

"போய்ட்டா."

"ஏங்க, அவ வாயை அடைக்க என்னமோ பண்ணுனேன்னு சொன்னியள்ளா, கொழுக்கட்டை தின்னுட்டு இருக்கும்போது? வேற இடத்துல போய்ச் சேரும், நான் சாயங்காலம் மாத்திருவேன்னு. அதை மாத்துனியளா?"

உனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

டாக்டரய்யா, ஆள் மேல் காட்டிவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பூஜை முடிந்ததும் முதல் வேலையாக நாலாம் நம்பரின் டி டிரைவைத் திறந்தேன்.

அறுபது. ஒன்று முதல் அறுபது வரை வரிசையாக நம்பர் போட்டு வைத்திருக்கிறாள். கடைசி ஷீட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு ஐம்பத்திரண்டுக்குச் சேவ் ஆகியிருக்கிறது. ஒன்பது இரண்டுக்கு லாகின் பண்ணின ஒவ்வொரு நாளும் என்னுடைய பொய் டபிள்யூவில்தான் வேலை பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கரண்ட் போனபோதும், இந்தத் திங்கள் கிழமையும் மட்டும்தான் நேரம் கழித்து லாகின் பண்ணினாள். அப்போது உண்மையான டபிள்யூ வந்தது. அதில் நான் ஒரே ஒரு சாயங்காலம் மாற்றின பதினொன்று.

எதற்கு நாலு வரி எழுதினேன்? எதற்கு? அவள் வாசலில் வந்து நின்று கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். என் மேல் எனக்கு வருகிற கோபத்தை எந்த நோட்டில் எழுத?

அறுபதையும் சர்வருக்கு நகல் எடுத்தேன். நேரே அண்ணாச்சியிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தால், "சர்வரை ரிப்பேர் பார்த்து மீட்டுட்டேன் அண்ணாச்சி" என்று வருகிறது.

அண்ணாச்சி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஆவுடையப்பன்னா ஆவுடையப்பன்தான்வே!" மிஷின் ஓட ஆரம்பித்தது. எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வந்தது. கொம்பையா மட்டும், "என்ன ரிப்பேர் அண்ணே? சர்வர் நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?" என்று கேட்டான். இன்னொரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

"அந்தப் பிள்ள எங்கயோ தப்பான இடத்துல போட்டிருக்கா. போனது போகட்டும். வந்து மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லும்" என்று அண்ணாச்சி என்னைத்தான் அனுப்பினார். வேறு ஆளே இல்லையா இந்த ஊரில்?

மத்தியானம் சாந்தி நகரில் அவள் வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கிடைச்சிட்டா? எங்கன இருந்துச்சு அண்ணே?"

"சர்வர்ல."

"சர்வர்ல எங்கன?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"மன்னிப்புக் கேக்கதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே, கேட்ருவேன். ஆனா கேட்டா நான்தான் தப்பு பண்ணுனேன்னு ஆயிரும்லா? எங்க அத்தான் லேப்ல, அவ பொய் சொல்லுத பிள்ளையாமே, சத்தியம் பண்ணச் சொன்னா ஓடிட்டாளாமேன்னு கேட்ருக்காவ. இன்னும் மூணு லேப்ல கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. யாரும் எடுக்கமாட்டேங்காவ." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "டபிள்யூ வராம இருந்ததை நீங்க சரி பண்ணுனிய. என்ன பண்ணுனியன்னு அன்னைக்குக் கேட்டேன், எனக்குப் புரியாதுன்னு சொன்னிய. இப்போ கேக்கேன். புரியுத மாதிரி சொல்லுங்க."

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

செப்டம்பர் 21, சனி

காலை எட்டே முக்காலுக்கு அண்ணாச்சி பூட்டைத் திறக்கும்போதே அங்கே நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வரி, டி டிரைவ், பொய் டபிள்யூ, ரிப்பேர் என்று சொன்ன பொய், எல்லாம். கொம்பையாவும் மற்றவர்களும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

அண்ணாச்சி நம்பவில்லை. அதுதான் கொடுமை. "ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர், காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா? யாருக்குவே கதை சொல்லுதீரு? நேத்து அவ வீட்டுக்குப் போனீரு, பிள்ள அழுதிருக்கும், மனசு இளகிட்டு. பழியைத் தூக்கி நீரு போட்டுக்கிடுதீரு."

பதினெட்டு நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், என்னை நல்லவன் என்கிறார்!

"சரி, சூடத்தை ஏத்தட்டுமா? அணைச்சு சொல்லும்" என்றார்.

"சூடம் வேண்டாம் அண்ணாச்சி. மெயினைப் போட்டுட்டு, இன்னைக்கு ஒரு நாள் பூஜைக்கு நிக்காம வந்து நாலாம் நம்பர்ல உக்காருங்க" என்றேன்.

லேப் தொடங்கி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடப் பூஜையை விட்டதில்லை. மகள் கல்யாணத்தன்றுகூட வந்து சூடம் காட்டிவிட்டுப் போனவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தட்டைக் கொம்பையா கையில் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு மெயினை ஏற்றினார். ஒன்பது இரண்டுக்கு நாலாம் நம்பரில் லாகின் பண்ணினேன். டபிள்யூ வந்தது. "இதுல உங்க கையால ஏதாவது எழுதிப் போடுங்க" என்றேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி 'இசக்கியப்பன்' என்று அடித்தார். எப்படிச் சேவ் பண்ணுவது என்று கேட்டு அவரே சேவ் பண்ணினார். முன் அறையில் கொம்பையா மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு லாக் அவுட் பண்ணிவிட்டு மறுபடி லாகின் பண்ணச் சொன்னேன். அதே டபிள்யூ. அதே ஃபோல்டர்கள். 'இசக்கியப்பன்' இல்லை.

"எங்கவே?" என்றார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூடிவிட்டுத் திறந்தார். "போட்டேன்வே! இந்தக் கையால இப்பதானே போட்டேன்! நீரும்தானே பார்த்தீரு? சத்தியமா போட்டேன்வே!"

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. மௌஸிலிருந்து கையை எடுத்தார். பொரிகடலைக் கிண்ணத்தோடு வந்த கொம்பையா அப்படியே நின்றான்.

டி டிரைவைத் திறந்து அவர் பெயரைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளைகிட்ட சூடத்தை நீட்டிட்டேனேவே" என்றார்.

எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டு பியூலாவுக்குப் போன் பண்ணினார். "பிள்ள, தப்பு உன் மேல இல்ல. நான்தான் மன்னிப்புக் கேக்கணும். திங்கக்கிழமை வந்துரு" என்றார். அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் "சரி அண்ணாச்சி" என்றாள்.

என் பக்கம் திரும்பினார். எந்தச் சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "எத்தனை லேப்ல இந்தப் பேச்சு போயிருக்கோ, அத்தனைக்கும் நீரே நேர்ல போய் நடந்ததைச் சொல்லிட்டு வாரும்" என்றார்.

களக்காடு ஆல்பம் மத்தியானம் போனது. பொண்ணுக்கு ராத்திரிதான் பிளைட்டாம். பொண்ணுடைய அப்பாவே வந்து வாங்கிக்கொண்டு போனார். நல்லா வந்திருக்கு, யார் செஞ்சது என்று கேட்டார். "பியூலான்னு எங்க பிள்ள" என்றார் அண்ணாச்சி.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாலு லேப். ஞாயிறு என்பதால் இரண்டு பேரை வீட்டில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தர், "நீரெல்லாம் சிஸ்டம் ஆளாவே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவளுடைய அத்தானிடம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "டீ சாப்பிடுதியளா?" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

செண்பகத்திடம் அந்தத் தட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடுங்க" என்றாள்.

செப்டம்பர் 23, திங்கள்

அந்த நாலு வரியையும் நாலாம் நம்பரிலிருந்து அழித்துவிட்டேன். ராத்திரி சர்வர் ஓடக்கூடாது என்பதில் அண்ணாச்சி அப்படியேதான் நிற்கிறார். ஆனால் இன்றைக்கு எட்டே முக்காலுக்கே வந்து மெயினை ஏற்றிவிட்டு, சர்வர் எழுந்திருக்கிற வரைக்கும் பின் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு வந்ததும்தான் பூஜைக்கு வந்தார்.

பியூலா ஒன்பது மணிக்கு வந்தாள். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சூடம் ஏற்றியாயிற்று. தீபாராதனை நடக்கும்போது வாசலில் வந்து நின்றாள்.

"ஆவுடை அண்ணே, டபிள்யூ வந்துட்டு. இது எந்த டபிள்யூ?"

அண்ணாச்சி கையில் தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். கொம்பையா பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"சர்வர்தாம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், கொம்பையாவின் கம்ப்யூட்டரில் லாகின் பண்ணி, அங்கே டபிள்யூவைத் திறந்து, தான் இப்போது போட்ட ஃபைல் அதிலும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. லாக் அவுட் பண்ணிவிட்டு நாலாம் நம்பரில் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

நாளைக்கும் இப்படித்தான் வந்து கேட்பாள். எனக்குக் கோபம் வரவில்லை, டாக்டர். தீபாராதனை முடிகிற வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன்.